குண்டப்பா லேஅவுட்டை மறந்துவிடாதீர்கள், அமைச்சரே

மாண்புமிகு கர்நாடக உணவு, குடிமைப் பொருள் வழங்கல் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பப் பெண்.

2017 அக்டோபர் 16 அன்று காலை எங்கள் ஈஜிபுரா குண்டப்பா லேஅவுட்டில் ஒரு மாடி வீடு இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். சமையல் கேஸ் கசிந்து வெடித்ததுதான் காரணம் என்று அன்று சொன்னார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தார்கள். அவளைப் பெற்றவர்கள் பிழைக்கவில்லை. அரசு நிவாரணம் அறிவித்தது, தலைவர்கள் வந்து பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று வில்சன் கார்டன் சின்னையன்பாளையாவிலும் ஒரு வீடு வெடித்துச் சிறுவன் ஒருவன் இறந்தான். அங்கும் கேஸ் கசிவு என்றே பேச்சு. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எங்களைப் போன்றவர்கள் வாழும் ஆயிரக்கணக்கான ஒற்றை அறை வீடுகள் இருக்கின்றன.

அந்த வீடுகளை நீங்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டும் ஐயா. படுக்கிற இடத்திலிருந்து நாலு அடி தள்ளி அடுப்புக்கல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கொசுவுக்குப் பயந்து ராத்திரி அதையும் சாத்திவிடுவோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பாய் விரித்துப் படுத்திருக்கும் தரையோடு தரையாகத் தேங்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். விடியற்காலையில் எழுந்து லைட் சுவிட்சைத் தட்டுகிற கைக்கு இது தெரியாது.

விபத்து நடந்தால் உடனே "பெண்கள் கவனமாக இருக்க வேண்டும்" என்று அறிவுரை வருகிறது. கவனமாகத்தான் இருக்கிறோம். பால் பொங்கி அடுப்பு அணைந்தால் வாசனை பிடிக்கத் தெரியும், படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடத் தெரியும், நைலான் நைட்டியோடு அடுப்பருகே நிற்கக் கூடாது என்றும் தெரியும். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்கு போன் செய்ய வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் கவனத்துக்கு எட்டாத இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

எங்கள் தெருவில் பல குடும்பங்களுக்குச் சொந்தப் பெயரில் கேஸ் இணைப்பு இல்லை. முகவரிச் சான்று கேட்பார்கள். ஓனர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். அதனால் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிலோ கணக்கில் கேஸ் நிரப்பும் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குழாய் வழியாகச் சின்னதில் இறக்குகிறார்கள். முறையான நிரப்பு நிலையத்தில் சிலிண்டருக்குள் ஆவிக்கென்று இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். வெயிலில் கேஸ் விரியும்போது அந்த இடம்தான் சிலிண்டரைக் காப்பாற்றும். தெருவோரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகி, அதன் மேல் குழம்புச் சட்டியை ஏற்றுகிறார்கள். ரெகுலேட்டர் கிடையாது. நெருப்பு எரிவதே கேஸின் உச்சந்தலையில்தான்.

இப்படி நிரப்பிய சிலிண்டர் வெடித்தால் காப்பீடும் இல்லை. முறையான இணைப்பு வைத்திருப்பவரின் பதிவு முகவரியில் விபத்து நடந்து உயிர் போனால், எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் ஆளுக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை உண்டு. கிலோவுக்கு நிரப்பியவரின் பிள்ளைகளுக்கு அரசு மனமிரங்கித் தருவதுதான்.

திருட்டுத்தனமாக நிரப்பும் கடையில் ரெய்டு நடத்துவது உங்கள் துறையின் வேலை. நடத்துங்கள். ஆனால் ரெய்டோடு நின்றால், அடுத்த வாரமே அந்தக் கடை பக்கத்துத் தெருவில் முளைக்கும். ராத்திரி சோறு பொங்கியாக வேண்டுமே! முறையான 5 கிலோ சிலிண்டர் எங்கள் ரேஷன் கடையிலேயே கிடைக்கட்டும். தமிழ்நாட்டில் 2022-இலேயே கூட்டுறவுக் கடைகளில் 2 கிலோ, 5 கிலோ சிலிண்டர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சிறிய சிலிண்டரின் கேஸ், வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைவிடக் கிலோவுக்கு அதிக விலை. தினக்கூலிக்காரர் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது எந்த நியாயம்? அந்த விலை வித்தியாசத்தை மாநில அரசு ஏற்க வேண்டும். இணைப்புக்கும் வழி இருக்கிறது. 2021-இல் வந்த உஜ்வலா கேஸ் இணைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை முகவரிச் சான்றாக ஏற்றார்கள். அந்தச் சலுகையை எல்லா வாடகைக் குடும்பங்களுக்கும் விரிவாக்கும்படி எண்ணெய் நிறுவனங்களை நீங்கள் வற்புறுத்த வேண்டும்.

இணைப்பு உள்ள வீடுகளிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சிலிண்டர் போடும் தம்பி மூன்று மாடி ஏறி வந்து, இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறார். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ வீடு. மூடியைக் கழற்றி, வால்வு வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று கவனிக்க ஒரு நிமிடம் போதும். சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் 'பி-27' என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயை ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்பதும் அப்படித்தான். அந்த ஒரு நிமிடத்துக்கும் சேர்த்து அவருக்குக் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

5 கிலோ சிலிண்டர் விற்கும் முதல் ரேஷன் கடையாக ஈஜிபுராக் கடையைத் தேர்ந்தெடுங்கள். திறக்கிற அன்று குண்டப்பா லேஅவுட் வழியாக நடந்து வாருங்கள், ஐயா. நாங்கள் வரிசையில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஈஜிபுராவாசி ஒருத்தி