தராசு பேட்டரி

செம்பட்டியில் ஒரு டீக்கடை வாசலில் வண்டி செத்துப்போனது. தப்பு என்னுடையது. டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து என்ஜினை நிறுத்துவது அத்தாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்றும் அப்படி நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்ப மறந்து, டீயும் பேச்சுமாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். தீப்பொறிக்குச் சுவிட்சான பாயிண்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் பேட்டரியைச் சும்மா உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் ஆம்ப் மீட்டர் முள் அசையவில்லை. ஏற்கெனவே கிழடு தட்டிய பேட்டரி. சித்தையன்கோட்டைவரை தள்ளிக்கொண்டு போகிற கனமா புல்லட்?

பக்கத்துப் பழக்கடைக்காரர்தான் கேட்டார். “என்ன பாய், பேட்டரியா? எத்தனை வோல்ட்?” ஆறு என்றேன். தராசைக் கவிழ்த்து, அடிமூடியைத் திறந்து, செங்கல்லில் பாதிகூட இல்லாத ஒரு பேட்டரியை உருவி எடுத்தார். “நம்மளுதும் ஆறுதான். போட்டுப் பாருங்க.” இரண்டு துண்டு ஒயரில் பிடித்துக் கட்டி உதைத்தேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. வாழைப்பழம் நிறுக்கிற பேட்டரி!

புல்லட்டை உதைப்பது ஒரு சடங்கு என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்து கிக்கர் காலை எதிர்த்து நின்றால் பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே லிவரைப் பிடித்து ஒரு விரல்கடை தாண்டவிட்டு, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. பேட்டரியில் உயிர் இல்லையென்றால் முள் சாயாது. முள் சாயாவிட்டால் சடங்கே கிடையாது. ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. அதில் பேட்டரி செத்தால் ஹாரன் அடிக்காது, அவ்வளவுதான், வண்டி ஓடும். எங்கள் புல்லட்டின் தீப்பொறியே பேட்டரியிலிருந்து வருவது.

அத்தா இதை எழுபதுகளில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பின்னால் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தத் திருவொற்றியூர்ப் பிள்ளைதான் எங்கள் வீட்டில் இருப்பது. பக்கவாட்டுப் பெட்டிக்குள் 6 வோல்ட், 12 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி. கறுப்பு எபோனைட் கூடு, மேலே மூன்று மூடி. மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது சின்ன வயதில் என் வேலை. ஊற்றும்போது சிந்தினால் அத்தா திட்டுவார். அவர் திட்டியதன் நியாயம் இன்று பெட்டியின் அடித்தகட்டைப் பார்த்தால் தெரியும். ஆசிட் அரித்து சல்லடைபோல் கிடக்கிறது.

திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கினேன். “ஆறு வோல்ட்டா? ஆர்டர் போட்டா வரும் சார்” என்ற ஒரே பதில். எப்போது வரும் என்பதற்கு மட்டும் கடைக்கு ஒரு பதில். மோட்டார் சைக்கிள் உலகம் 12 வோல்ட்டுக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் ஆறு வோல்ட் சாகவில்லை. தராசுக்குள்ளும் எமர்ஜென்சி விளக்குக்குள்ளும் பிள்ளைகள் ஓட்டுகிற பொம்மைக் காருக்குள்ளும் குடியேறிவிட்டது. எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிற கடையில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துப் போட்டார்கள்: 6 வோல்ட், 4.5 ஏஹெச், சீல் செய்தது, முக்கால் கிலோ. பழையதன் விலையில் பாதி இல்லை.

இது போதுமா என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இக்னிஷன் காயில் மூன்றரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிஷம் விடாமல் உதைத்தாலும் செலவு 0.06 ஏஹெச். செல்ஃப் ஸ்டார்ட்டரும் கிடையாது. என்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். பிற்கால 12 வோல்ட் புல்லட்டில் செல்ஃப் உள்ளதற்கு 14 ஏஹெச், கிக்கர் மட்டும் உள்ளதற்கு 5 ஏஹெச்தான் கம்பெனியே வைத்தது. ஆனால் ஏஹெச்சை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், வோல்ட்டோடு பெருக்க வேண்டும். அத்தாவின் பேட்டரி 72 வாட்-அவர். அந்த 12 வோல்ட் 5 ஏஹெச் 60. தராசு பேட்டரி 27. தவிர 4.5 என்று எழுதியிருப்பது இருபது மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக எடுத்தால் கிடைப்பது. மொத்தமாக இழுத்தால் அவ்வளவு தராது. சாவியை மறந்துவிட்டு டீ குடிக்கிறவனுக்கு இது ஆகாத பேட்டரி. மறக்காமல் இருந்துகொள்வோம் என்று தீர்மானித்து மாட்டினேன்.

மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்தால் பேட்டரி ஆடி மாசத்துக் கொழுக்கட்டைபோல வயிறு ஊதிக் கிடந்தது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து இன்னொன்று வாங்கி, அதையும் ஊதவைக்கிற அளவுக்கு நான் புத்திசாலி. நல்லவேளை, மாட்டுவதற்கு முன் செம்பட்டிப் பக்கம் இருக்கிற பழைய மெக்கானிக்கிடம் போனேன். என்ஜினை ஓடவிட்டு, முறுக்கி, மீட்டரை வைத்துக் காட்டினார்: எட்டரை வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி முதுகிலேயே அச்சடித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. அதிகபட்சம் 7.5 வோல்ட், ஏற்றும் கரண்ட் 1.35 ஆம்பியருக்குள்.

“அப்ப பழைய பேட்டரி மட்டும் எப்படிண்ணே தாங்குச்சு?”

“தம்பி, கண்மாய் பெருசா இருந்தா வர்ற தண்ணி எல்லாத்தையும் வாங்கிக்கிரும். நீங்க அதே வாய்க்காலை ஊருணியில திருப்பிட்டீங்க. மறுகாலும் வைக்கலை. கரை உடையாம என்ன செய்யும்?”

இதை நான் யோசித்ததே இல்லை. இந்த வகைப் பழைய வண்டிகளில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தத் தனியாகக் கருவி கிடையாது. ஆல்டர்னேட்டரில் ஆறு காயில், மூன்று ஜோடி. விளக்கு சுவிட்சைப் போடப்போட ஜோடிகள் வேலைக்குச் சேரும். விளக்கு அணைந்திருந்தால் ஒரு ஜோடி மட்டும் மெல்ல ஏற்றும். அப்படியும் மிஞ்சுவதைப் பெரிய பேட்டரி விழுங்கி, கொஞ்சம் தண்ணீரை ஆவியாக விட்டு, வோல்ட் ஏறாமல் பிடித்துவைத்திருந்தது. மாதாமாதம் நான் ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர் அதற்கான கூலி. சீல் செய்த பேட்டரிக்கு அந்தக் கூலியைக் கொடுக்க வழியில்லை. இதற்கு மேல், எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் ஹெட்லைட் பளிச்சென்று எரியட்டும் என்று மூன்று ஜோடியையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். பகலிலும் வெள்ளம்.

அக்கா மகனுக்கு இதெல்லாம் சிரிப்பு. “மாமா, பேசாம பன்னெண்டுக்கு மாத்திருங்க.” அவன் சொல்வதில் தப்பில்லை. அதே 30 வாட் விளக்குக்கு ஆறு வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும், பன்னிரண்டில் இரண்டரை போதும். ஒயர் சூடாகாது, பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். காயில், பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இது வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கும், எப்போதாவது ஆத்தூர் காமராஜர் அணைவரைக்கும் போகிற வண்டி. அந்த மங்கல் விளக்கும் தொண்டை கட்டிய ஹாரனும் போய்விட்டால் அப்புறம் அது யாருடைய வண்டி?

லித்தியம் வைக்கலாம் என்றும் சொன்னான். எடையே இருக்காதாம். இருக்கட்டும். ஈயப் பேட்டரியாவது மிஞ்சினால் வயிறு ஊதிப் படுத்துவிடும். லித்தியத்தைக் கட்டுப்பாடு இல்லாத ஆல்டர்னேட்டரில் மாட்டிவிட்டு, பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் நான் உட்கார மாட்டேன்.

ஆகவே மறுகால் வைத்தோம். மூன்று ஜோடியையும் பிரித்துப் பழையபடி சுவிட்சுக்குக் கொண்டுபோனார் மெக்கானிக். ஆறு வோல்ட்டுக்கான ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (ஆர்ஆர்) யூனிட் ஒன்றைத் தேடிப்பிடித்து டூல் பாக்ஸுக்குள் ஒளித்துவைத்தார். மிஞ்சுகிற கரண்ட் இப்போது பேட்டரிக்குப் போகாமல் அங்கே சூடாகிக் கழிகிறது. ஒரு ஃபியூஸ் போட்டார். மாட்டுமுன் எர்த் எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் நிறைய உண்டு, மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் ஒரு நொடியில் போய்விடும். முறுக்கினால் இப்போது 7.2-க்கு மேல் ஏறுவதில்லை. ஆர்ஆர் யூனிட்டின் விலை பேட்டரியைவிட அதிகம். சின்ன பேட்டரி வாங்கி மிச்சம்பிடிக்கக் கிளம்பியவனின் கணக்கு அங்கே முடிந்தது.

அத்தாவின் பேட்டரியை உடைத்துக் கூட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “ஈயத்துலயும் ஆசிட்லயும் கை வைக்காதீங்க தம்பி” என்றார். அதைத் திண்டுக்கல் கடையில் கொடுத்தேன். பழைய பேட்டரியை முறையாகத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. கடைக்காரர்களுக்கு விதி தெரிகிறதோ இல்லையோ, ஈயத்தின் எடை தெரியும். கூட்டுக்கு வேறு வழி பிறந்தது. மெக்கானிக் கடைப் பரணில் பிளேட், உள்தடுப்பு எல்லாம் எடுத்துக் காய்ந்துபோன எபோனைட் கூடு ஒன்று கிடந்தது, மூன்று மூடியோடு. ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவிக் கொடுத்தார். தராசு பேட்டரி அதற்குள் கன்றுக்குட்டிபோலப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆடாமலிருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் செருகினோம். வெளியிலிருந்து பார்த்தால் அத்தா காலத்து பேட்டரியேதான்.

பாதிக் கூடு இன்னும் காலி. அதில் பாயிண்ட் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாளும் கை துடைக்க ஒரு கந்தலும் வைத்திருக்கிறேன்.