அளந்து பாராத சுமை

இணையத்தளம் ஒன்றின் வலிமை அதன் முகப்பில் இல்லை. பின்னால் இயங்கும் தரவுத்தளமும் வழங்கியும் தாங்கும் சுமையிலேயே தங்கியுள்ளது. 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்கா ஆரம்பித்த 'ஹெல்த்கெயார்' மருத்துவக் காப்புறுதி இணையத்தளம் இதற்குச் சான்றாகும். முதல்நாளில் பதிவை நிறைவு செய்தோர் 6 பேரே. முழு அமைப்பையும் ஒன்றிணைத்துப் பரீட்சிக்க ஏறத்தாழ இரு வாரங்களே கிடைத்ததாக ஒப்பந்த நிறுவனங்கள் காங்கிரஸ் விசாரணையில் தெரிவித்தன.

பின்னரே பதிலளிக்கும் நேரமும் வழு வீதமும் நாள்தோறும் அளக்கப்பட்டன. தரவுத்தள வலு அதிகரிக்கப்பட்டது. இரு மாதங்களில் பதிலளிக்கும் நேரம் 8 விநாடிகளிலிருந்து 1 விநாடிக்கும் கீழே குறைந்ததாகவும், ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேரைத் தாங்க முடிவதாகவும் அரசாங்கம் அறிவித்தது.

அந்த அளவீடு முன்னரே நடந்திருக்க வேண்டும். சேவை முடங்கினால் அலைக்கழிவது சாதாரண மக்களே. எனவே, திறப்பு விழாவுக்கு நாள் குறிக்குமுன் சுமையை அளப்பதே எந்த அரசுக்கும் அழகு என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.