கோடை வெயிலும் குன்றேறும் மிதிவண்டியும்

சில ஆண்டுகளாக நம் கல்லூரி மாணாக்கரிடையே ஒரு புதிய வேட்கை தோன்றி வளர்ந்து வருகின்றது. விடுமுறை நாட்களில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, நல்ல பாதையை விட்டு விலகி, கல்லும் கரடுமாய்க் கிடக்கும் குன்றுகளின்மேல் ஏறியிறங்கி வருதலே அவ்வேட்கை. இதனைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துக்கள் உலவுகின்றன. ‘இஃது இளமைக்குரிய விளையாட்டு, இதனைத் தடுத்தல் ஆகாது’ என்பார் ஒரு சாரார். ‘இஃது உயிரைப் பணயமாக வைக்கும் வீண்வேலை, அடியோடு விலக்கத்தக்கது’ என்பார் மற்றொரு சாரார். சென்ற மே மாதத்தில் எம் தோழர் ஒருவர்க்கு நேர்ந்த இடரின் பின்னர், இரண்டாம் சாராரின் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. அவ்விடரில் எமக்கும் பங்குண்டு. ஆதலின் இவ்விரு சாராரையும் நோக்கிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

முதற்கண், இவ்விளையாட்டு வந்த வழியைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அம்மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த இளைஞர் சிலர், பழைய கனத்த மிதிவண்டிகளை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய், மண்பாதை வழியே கீழ்நோக்கி விரைந்து இறங்குதலைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். 1976 ஆம் ஆண்டில் அங்குப் பந்தயமும் தொடங்கிற்று. அவ்வண்டிகளின் பின்சக்கர அச்சினுள் அமைந்த தடை, இறக்கத்தில் மிகச் சூடேற, உள்ளிட்ட மசகு உருகிப் புகைந்து போகுமாம். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் அதனைப் பிரித்து மீண்டும் மசகு இட்டுப் பொதிய வேண்டியிருந்தமையால், அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. 1977 இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய பாதைக்கென்றே புதிய வண்டிச் சட்டம் ஒன்றை அமைத்தார். இருபதாண்டு நிரம்புமுன், 1996 இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பந்தயங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. பழைய வண்டியும் செலவற்ற உள்ளமுமாகத் தொடங்கிய ஒன்று இவ்வளவில் வளர்ந்தது வியப்பே.

‘அந்நிய நாட்டுச் செல்வர் விளையாட்டு நமக்கு எற்றுக்கு?’ என்று வினவுவாரும் உளர். மலைக்கென்று செய்யப்பட்ட வண்டியின் விலை மிகுதியென்பது உண்மையே. எம் கூட்டத்தார் ஐவருள் இருவரே அத்தகைய வண்டி உடையவர்; ஏனையோர் இரவல் பெற்றவர். ஆயினும் கரட்டுப் பாதையில் மிதிவண்டி செலுத்துதல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. குன்றடி ஊர்களில் வாழும் பிள்ளைகள், பதினொன்றாம் வகுப்பில் அரசினர் விலையின்றி வழங்கும் மிதிவண்டியிலேயே சரளைப் பாதைகளைக் கடந்து பள்ளிக்குச் சென்று வருகின்றனர். அவர்கள் தேவையால் செய்வதனை நாம் விருப்பத்தால் செய்கின்றோம், வேறுபாடு அவ்வளவே.

இனி, இதனால் வரும் பயனையும் மறைத்தல் நேர்மையன்று. பாறைமேல் வண்டி செலுத்துவோன் ஒரு கணமும் வேறொன்றை நினைத்தல் இயலாது. ஏற்றத்தில் உடலை முன்சாய்த்து, இறக்கத்தில் பின்வாங்கி, இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்கையும் முழங்காலும் தளர நிற்றல் வேண்டும். முன்சக்கரத்தடியில் கிடக்கும் கல்லையன்றி, அதற்கு அப்பால் செல்லவேண்டிய இடத்தையே கண் நோக்குதல் வேண்டும். கல்லை நோக்கினோன் கல்லின்மேலேயே ஏறி வீழ்வான். சக்கரத்தில் காற்று மிகுந்தால் வண்டி கல்லின்மேல் துள்ளும். குறைந்தால் கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே குழாய் நசுங்கிக் கிழியும். இவற்றையெல்லாம் கற்கும் மாணாக்கன் பொறுமையையும் அளவறிதலையும் உடன் கற்கின்றான். கைப்பேசியினின்று நம் கண்களை இரண்டு மணி நேரம் பிரித்துவைக்கும் ஆற்றல் இவ்விளையாட்டுக்கு உண்டென்பதும் சிறு நன்மையன்று.

அங்ஙனமாயின் குற்றம் யாண்டையது? குற்றம் குன்றிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. பொழுதறியாமையிலும் பொய்ந்நாணத்திலுமே உள்ளது.

பொழுதறியாமையை முதலில் கூறுவோம். நம் உடலின் தசைகள் உழைக்கும்போது, அவை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் வியர்வை. வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிர்வதில்லை. அஃது உலர்தற்குக் காற்று வேண்டும். சமநிலத்தில் வண்டி விரைந்து செல்லும்போது காற்று தானே வந்து வீசும். குன்றின் ஏற்றத்திலோ வண்டி நடப்பவன் வேகத்திலேயே ஊர்கின்றது. உழைப்பு மிகுந்து நிற்கும் அவ்விடத்திலேயே காற்றுக் குறைந்து விடுகின்றது. மேலே ஞாயிறு சுட, கீழே காலைமுதல் வெயிலுண்ட கருங்கற்பாறை அனல் வீச, இடையே அகப்பட்டவன் உடல் அடுப்பில் ஏற்றிய கலம் போலாகின்றது. வீட்டினுள் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் திடீரெனப் புறப்பட்டுச் செல்வானாயின் இடர் இருமடங்காகும். வெயிலில் உழைக்க உடல் பழகுதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டுமென்பர் மருத்துவர்.

தமிழ் பயிலும் எமக்கு இது புதிய செய்தியாதல் கூடாது. பாலைத் திணைக்கு நம் இலக்கண ஆசிரியர் வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். மலையும் காடும் தம் தண்மை இழந்து, வழிச்செல்வார்க்கு உயிரச்சம் தரும் காலம் இதுவென்பது அவ்வகுப்பின் கருத்து. ஏப்ரல் மாதத்துத் தேர்வில் இதனை விரிவாக எழுதி வந்த யாம், மே மாதத்தில் அந்நண்பகலிலேயே அப்பாலையினுள் புகுந்தோம். ஏட்டுக் கல்வி ஏட்டளவில் நின்றமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். மதுரைக்கு வடக்கேயுள்ள பாறைக் குன்றொன்றின்மேல் ஏறி மறுபுறம் இறங்குவதென்று ஐவர் துணிந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுதல் எம் ஏற்பாடு. ஒருவர் துயிலெழத் தாமதித்தார். ஒரு வண்டியின் குழாய் வழியிலேயே கிழிந்தது. குன்றின் அடியை அடையும்போது மணி எட்டைக் கடந்துவிட்டது. அப்பொழுதே திரும்பியிருத்தல் வேண்டும், திரும்பினோமல்லோம். ஒன்பதரை மணியளவில் தோழர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ‘போதும், தலை வலிக்கின்றது, திரும்புவோம்’ என்றார். ‘இதற்குள்ளா?’ என்று யாம் நகைத்தோம். அவர் முகம் சிவந்தது. பின்னர் ஒரு சொல்லும் கூறாமல் எம் பின்னே வந்தார்.

பத்தரை மணிக்கு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார், கால்கள் பின்னின. நீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, தொடர்பில்லாத விடை ஒன்று கூறினார். எம்மைத் தம் தமையனார் பெயரால் அழைத்தார். உடல் வியர்வையால் நனைந்திருந்தமையால், ‘வியர்க்கின்றதே, தீங்கில்லை’ என்றே எண்ணினோம். அஃது எத்துணைப் பெரிய பிழையென்பதைப் பின்னரே அறிந்தோம். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் உடல் வியர்த்துக்கொண்டே இருக்கக்கூடும். அறிவு தடுமாறுதலே அதன் தெளிந்த அடையாளம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தொலைவிலிருந்தே அவர் நடையைக் கண்டு ஓடிவந்தார். ‘ஏ தம்பிகளா, அந்தப் பிள்ளைய வெயில் அடிச்சுப்போட்டுச்சு, நெழலுக்குத் தூக்குங்க’ என்று கூவினார். பாறை நிழலில் தோழரைக் கிடத்தி, சட்டையைக் கழற்றி, தம் குடத்து நீர் முழுவதையும் அவர் தலையிலும் மார்பிலும் ஊற்றித் துண்டினால் விசிறச் செய்தார். அன்று அவருக்கும் அவர் ஆடுகளுக்கும் மாலைவரை இருந்த நீர் அதுவே. யாம் 108 எண்ணுக்கு அழைத்தோம். ஊர்தி ஊர்ச்சாலை வரையே வரக்கூடுமாதலின், அதுவரை அவரைச் சுமந்து சென்றோம்.

தோழர் நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்து நலம் பெற்றார், இறைவனுக்கு நன்றி. மூன்றாம் நாள் அவருடைய அன்னையாரைக் கண்டோம். அவர் எம்மைச் சினந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ‘முடியலைன்னு அவன் சொல்லலையாப்பா?’ என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு யாம் அன்று விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை. அவர் சொன்னார், அம்மா, யாம்தாம் நகைத்தோம்.

இதனையே பொய்ந்நாணம் என்றோம். திரும்புவோம் என்று கூற ஒருவன் நாணுவதும், அங்ஙனம் கூறினானை ஏனையோர் எள்ளுவதும் ஒரே நோயின் இரு கூறுகள். இந்நோய்க்குக் கல்லூரித் தலைவர்கள் விதிக்கக் கருதும் தடை மருந்தாகாது. தடை விதித்தால் மாணாக்கர் குன்றேறுதலை விடமாட்டார். எவரிடமும் கூறாமல் ஏறுவர். கூறாமல் சென்றவனுக்கு இடர் நேர்ந்தால் தேடிச் செல்வார் யார்? ஆதலின் தடையினும் ஒழுங்கே நன்று என்பது எம் துணிபு. நம் விளையாட்டுக் கழகம் பின்வரும் ஒழுங்குகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

ஒன்று: ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் காலை எட்டரை மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுதல் வேண்டும். புறப்பாடு தாழ்ந்தால் செலவைக் கைவிடுதலே முறை. பொழுதை நீட்டித்தல் அன்று.

இரண்டு: ஒவ்வொருவரும் மூன்று லிட்டர் நீரும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் கொண்டு செல்லுதல் வேண்டும். வியர்வையோடு உப்பும் கழிதலின், வெறுநீரை மிகுதியாகக் குடித்தலும் தீங்கு செய்யும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நம் பாட்டிமார் அறிந்த மருந்துகளே.

மூன்று: செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் வேண்டும்.

நான்கு: ‘திரும்புவோம்’ என்று கூட்டத்தில் ஒருவர் கூறினும் அனைவரும் திரும்புதல் வேண்டும். காரணம் கேட்டலும் நகைத்தலும் கூடா. ஏனைய மூன்றையும் ஒருகால் மறப்பினும் இதனை மறத்தல் ஆகாது. கூட்டத்தின் வேகம் மெலிந்தவன் வேகமே, வலியவன் வேகமன்று.

இன்னுமொன்று கூறி முடிப்போம். நாம் ஏறும் குன்றுகள் ஆளற்ற நிலங்களல்ல. அங்கே ஆடு மேய்ப்பார் உளர். அவர்தம் சுனைகளும் வழிகளும் உள. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் சிலவற்றில் சமண முனிவர் வாழ்ந்த குகைகளும் கற்படுக்கைகளும் உள்ளன. மாங்குளத்துக் குகைகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த எழுத்துக்கள் உள. அவற்றை ராபர்ட் சிவெல் 1882 இல் கண்டறிந்தார். அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் எடுத்துரைத்தார். அதனை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியை 2022 இல் தமிழ்நாட்டு அரசினர் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தனர். இத்தகைய இடங்களில் மிதிவண்டியை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுக் காலால் நடந்து செல்லுதலே தமிழ் மாணாக்கர்க்கு அழகு. சக்கரம் உருள்வதற்கு வேறு கற்கள் எத்துணையோ உள.

அம்முதியவரைச் சென்ற ஆகஸ்டில் யாம் ஐவரும் மீண்டும் சென்று கண்டோம். விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பினோம். ஒரு புதிய குடம் வாங்கிச் சென்றிருந்தோம். அவர் அதனைப் பெற்றுக்கொண்டு, நோயுற்றிருந்த தோழரைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை நோக்கி, ‘இப்ப எத்தனை மணிக்குக் கிளம்புனீக?’ என்று கேட்டார். ‘நாலரைக்கு, ஐயா’ என்றார் தோழர். ‘அதான் சரி’ என்றார் அவர். நம் கல்லூரித் தலைவர்களும் அவ்வாறே எம்மைக் கேட்டு, விடை சரியாயிருப்பின் செல்ல விடுவாராக என்பதே எம் வேண்டுகோள்.