எருமை நாக்கு

பங்காருபேட்டைக்குக் கடல் இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலை நாடித் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோரும் கடற்கரையினர் அல்லர். ஆயினும், பனிக்கட்டியில் பொதிந்து வரும் கடல்மீன் ஞாயிறுதோறும் நம் இல்லங்களில் குழம்பாகின்றது.

சென்ற திங்கள் சந்தையில் தட்டையானதொரு பெரிய மீனைக் கண்டோம். உடன் வந்த சிறுவன் கைப்பேசியில் தேடி, "இது ஹாலிபட்" என்றான். தமிழில் யாது பெயர் என்று வினவினோம், அவன் அறியான். உண்மையை ஒளிப்பானேன்? நாமும் அறியோம். மீன் விற்ற அம்மையார்தாம், "எருமை நாக்கு" என்று சொல்லி நம் மானத்தைக் காத்தார்.

மெய்யான ஹாலிபட் வட அட்லாண்டிக், வட பசிபிக் குளிர்கடல்களில் வாழ்வது. ஆளுயரத்தையும் கடந்து வளர்வது. நம் மீன் அதற்கு நெருங்கிய உறவன்று. ஏறத்தாழ இரண்டடி வளரும். தட்டை உடலும் ஒரே பக்கத்தில் அமைந்த இரு கண்களுமாகிய ஒப்புமையால் 'இந்திய ஹாலிபட்' எனப்பட்டது. குஞ்சுப் பருவத்தில் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளருங்கால் ஒன்று இடம் பெயரும். மெலிந்து நீண்ட நாக்கு மீனினின்று இதனைப் பிரித்தறிய வேண்டின், அகன்ற வாயையும் கூரிய பற்களையும் நோக்குக. சதை வெண்மையானது, கெட்டியானது, வறுவலுக்கு உகந்தது.

இதன் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. மார்க்குஸ் பிளாக் எழுதி, அவர் மறைந்தபின் ஷ்னைடர் நிறைவு செய்த மீனியல் நூல் 1801-இல் பெர்லினில் வெளிவந்தது. அந்நூல் இம்மீனுக்கு 'எருமெய்' என்று பெயரிட்டது. தரங்கம்பாடியில் வழங்கிய 'எருமை நாக்கு' என்பதன் முற்பாதியே அது! அங்கிருந்த ஜான் பாதிரியார் பிளாக்குக்கு மீன்களை அனுப்பி வந்த காலம் அது. இன்றும் உலக விஞ்ஞானிகள் 'செட்டோடெஸ் எருமெய்' என்றே வழங்குகின்றனர்.

எவரோ கேட்டார், மீனவர் சொன்னார், ஏட்டில் ஏறியது. அதனால் அச்சொல் கடல் கடந்தும் நிலைத்தது. பெர்லின் வரை சென்ற சொல் நம் வீட்டு வாயிற்படியில் அறுந்து போகலாமா? கேட்பாரும் சொல்வாரும் இல்லையெனின் அதுதான் நிகழும்.

ஆதலின், அடுத்த ஞாயிறு பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீனின் பெயரை விற்பவரிடம் அவர்களே கேட்கட்டும்; வீடு திரும்பியதும் தமிழில் எழுதிக் காட்டட்டும். குழம்பு கொதிக்கும் நேரம் அதற்குப் போதும்.