தாய் நாயைப் பார்த்தீர்களா?

அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழியிடம் கையை நீட்டினால் தெரியும் சேதி. இறகெல்லாம் சிலிர்த்து உடம்பு இரண்டு மடங்காகும், தொண்டைக்குள் ஓர் உறுமல் எழும், அடுத்த நொடி கொத்து விழும். அடியிலிருக்கும் முட்டைகளை எடுத்துவிட்டாலும் வெறுங்கூடையில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் முக்கியெடுத்து அதன் அடையைக் கலைக்கப் பார்ப்பார்கள். அதே வீட்டில் ஒரு வெள்ளை லெகார்ன் கோழி இருந்தால், முட்டையிட்ட கையோடு எழுந்து இரை பொறுக்கப் போய்விடும். அடைக்கு உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்துப் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். தாய்மைக் குணம் ஒன்றே லெகார்னின் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய வடிந்துபோனது.

குணம் பரம்பரையாக வருமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. வரும். ஆனால், நாய்கள் விஷயத்தில் அந்தப் பரம்பரையை எங்கே தேடுவது என்பதில்தான் அரசும் மக்களும் தடுமாறுகிறார்கள். எல்லோரும் இனத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பெற்ற நாய்களை.

2024 மார்ச்சில் மத்திய அரசு, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று வழக்குகள் வந்தன. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்கு பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தமிழகமே பதறியது. 'தடை செய்' என்ற குரல் மறுபடி எழுந்ததில் வியப்பில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அது போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை.

சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த ஓர் ஆய்வை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். சோவியத் மரபியலாளர் டிமிட்ரி பெல்யாயெவ், லுத்மிலா த்ரூத் என்ற இளம் விஞ்ஞானியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1959இல் வெள்ளிநரிகளைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கினார். எல்லாம் தோலுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டவை. கூண்டுக்குள் கை நுழைந்தால் பெரும்பாலானவை சீறும், அல்லது மூலையில் ஒடுங்கும். ஒவ்வொரு குட்டிக்கும் கையால் இரை நீட்டி, தொட்டுப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். மிகக் குறைவாக அஞ்சிய, மிகக் குறைவாகக் கடித்த சிலவற்றை மட்டுமே இணைசேர்த்தார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. நிறத்தையும் உயரத்தையும் பார்த்துப் பொறுக்கவும் இல்லை. ஆறாவது தலைமுறையிலேயே மனிதரைக் கண்டால் வாலாட்டி, முனகி, கையை நக்கும் குட்டிகள் பிறந்துவிட்டன.

1970 வாக்கில் இதற்கு நேர்மாறான வரிசை ஒன்றையும் தொடங்கினார்கள். அதில் அதிகம் சீறுபவற்றையே இணைசேர்த்தார்கள். அவற்றின் வாரிசுகள் கூண்டுக் கம்பியில் பாய்ந்து கடிக்க வந்தன. வளர்ப்பினால் வந்த வினையா என்று அறிய, முரட்டு நரியின் கருவைச் சாது நரியின் வயிற்றில் வைத்தும் பார்த்தார்கள். சாதுத் தாய் ஈன்று பாலூட்டிய பிறகும் அந்தக் குட்டிகள் முரடாகவே வளர்ந்தன.

ஒரே பண்ணை, ஒரே உணவு, இரு வரிசைக்கும் வெள்ளிநரி என்ற ஒரே பெயர். ஒன்று மடியில் ஏறுகிறது, மற்றொன்று கையைக் கடிக்கிறது. பெயரை மட்டும் வைத்து அந்தக் கூண்டுக்குள் யாராவது கைவிடுவார்களா?

நாய்களிலும் இதே கதைதான் என்பதை 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு எண்களால் காட்டியது. எலினோர் கார்ல்சன் தலைமையிலான அமெரிக்கக் குழு 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணம் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டது. 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தது. பெரும்பாலான குணங்களில், நாய்க்கு நாய் உள்ள வித்தியாசத்தில் கால் பங்குக்கு மேல் பரம்பரையால் விளங்கியது. ஆனால், இனத்தின் பெயர் விளக்கியது சராசரியாக 9 சதவீதம் மட்டுமே. சொன்னபடி கேட்பதில் இனத்துக்கு இனம் ஓரளவு வேறுபாடு தெரிந்தது. எளிதில் சீண்டப்பட்டுச் சீறும் குணத்திலோ, இனப் பெயரை வைத்து ஏறக்குறைய எதையும் சொல்ல முடியவில்லை. தடைப் பட்டியல் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள விரும்பும் குணம் சரியாக அதுதான்!

ஓர் இனத்துக்குள்ளேயே ஒரு மரபணு எப்படிப் பிரித்துவிடும் என்பதற்கு லாப்ரடார் நல்ல உதாரணம். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டாலே ஓடிவந்து, முழங்காலில் மோவாயை வைத்து, கவளம் கவளமாகக் கண்ணால் தொடரும் நாய் அது. லாப்ரடார் என்றாலே தீனிப்பண்டாரம் என்பார்கள். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினோர் ராஃபன் குழு காரணத்தில் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தது. 'பாம்சி' என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போயிருந்தன. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் தகவல் அதனால் சரியாகப் போய்ச் சேராது. இந்தக் குறை எல்லா லாப்ரடார்களிடமும் இல்லை, ஏறக்குறைய நான்கில் ஒன்றிடம்தான் உண்டு. பார்வையற்றோர் முதலானோருக்கு உதவப் பழக்கும் லாப்ரடார்களிடம் மட்டும் நான்கில் மூன்றிடம் இருந்தது. தின்பண்டம் கொடுத்தே பயிற்சி தருவதால், பசி அடங்காத நாய்கள் நன்றாகப் பயின்று தேறியிருக்கக்கூடும்.

மரபணுவோடு முதல் மூன்று மாதங்களும் சேர வேண்டும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் ஐந்து இனங்களை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி மனிதரோடும் மற்ற நாய்களோடும் பழகுவதே பிற்காலக் குணத்துக்கு அடித்தளம் என்று காட்டியது. நம் ஊரில் ஒரு மாதக் குட்டியே அட்டைப்பெட்டியில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. வாங்கியவர் மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிப்போடுகிறார். ஆறு மாதம் கழித்து அது கடித்தால், பழி இனத்தின் மீது.

வாங்குகிறவர் கவனம் எதில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராஜபாளையம் நாய் என்றால் தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கேட்கிறோம். அந்த வெள்ளைக்காகவே நெருங்கிய ரத்தத்துக்குள் இணைசேர்த்ததில் காது கேளாத குட்டிகள் அந்த இனத்தில் பிறக்கின்றன. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கத்தான் செய்யும்.

பெரிய நாய் கடித்தால் சேதமும் பெரிது என்பதை மறுக்க முடியாது. பொமரேனியன் கடித்தால் தையலோடு போகும், ராட்வைலர் கடித்தால் உயிரே போகலாம். பொது இடத்தில் வாய்மூடி, சங்கிலி, உரிமம், விதி மீறும் உரிமையாளருக்குக் கடும் தண்டனை, இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தடையின் குறை வேறு. ஒரு பெயரைத் தடை செய்தால், வியாபாரி இன்னொரு பெயரில் அதே முரட்டு நாயை இணைசேர்த்து வாரிசு உண்டாக்குவார். 'நல்லா கடிக்கும் சார், தாய் நாயே கிட்ட விடாது' என்பதை விளம்பரமாகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள். நோவோசிபிர்ஸ்கின் இரண்டாவது வரிசையை நம் கொல்லைப்புறங்களில் நாமே வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் விதிகள் 2017லிருந்தே இருக்கின்றன. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முதலில் இவற்றை அமல்படுத்தட்டும். கூடவே, ஆளைக் கடித்த வரலாறுள்ள நாயை இணைசேர்ப்பது குற்றம் என்ற விதியும், குட்டியின் விற்பனைச் சீட்டில் தாய் தந்தையின் பதிவு எண்ணும் கடி வரலாறும் இடம்பெற வேண்டும் என்ற விதியும் வரட்டும். தமிழக அரசே முன்பு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களைப் பெருக்கும் பிரிவை நடத்தியிருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளுக்கு நிறமும் உயரமும் எழுதும் ஏட்டில், அந்நியர் நெருங்கினால் தாய் என்ன செய்கிறது, குட்டிக்குக் காது கேட்கிறதா என்று இரண்டு பத்திகள் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. அதிலிருந்தே தொடங்கலாம்.