சிவப்புப் பொத்தான்
தன்னாமுனைப் பக்கம் திருகோணமலை வீதியோரம் வெயிலில் நிற்கும் பழைய ஜப்பான் கார்களைக் கண்டால், ஆசனப்பட்டியின் சிவப்புப் பொத்தானைத்தான் என் கண் தேடுகிறது. 1995இல் அமெரிக்காவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைக்க வைத்தது அப்படியொரு பொத்தான்தான். டகாட்டா நிறுவனம் செய்த பட்டிகள். வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பான் நிறுவனங்களுடையவை. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் வெடிக்கும், துணுக்கு பூட்டுக்குள் விழும், பிறகு பட்டி சரியாக மாட்டாது, மாட்டினாலும் நம்ப முடியாது. மட்டக்களப்பு வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? அதிலும் நம்மிடம் கார்களுக்கு ஓய்வு வயதே கிடையாது. முன் ஆசனத்தில் பட்டி கட்டாயம் என்று 2011இல் சட்டம் வந்தது. பொலிஸாரைக் கண்டதும் அதை நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்ளும் கலையும் கூடவே வளர்ந்தது. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகையைச் சோதிக்கிறார்கள், பட்டியை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. பின் ஆசனப் பட்டியோ புது உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். (உறை தைத்தவரைக் குறை சொல்லேன், கேட்டது நாம்.) கார் வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தை அத்தனை நேரம் காது கொடுத்துக் கேட்கிறார், பட்டியையும் ஒருமுறை வெடுக்கென்று இழுத்து, இறுகுகிறதா, பொத்தானை அழுத்தினால் விடுகிறதா என்று பார்த்தால், விற்பவர் அதன் தூசியையாவது தட்டி வைப்பார்.