மீளப்பெறுதல் பரிகாரமாகுமா?

கெட்டுப்போன உணவொன்று சந்தையிலிருந்து மீளப்பெறப்படும்போது, தத்தம் கடமை முடிந்துவிட்டதென அரசும் உற்பத்தியாளரும் அமைதியடைகின்றனர். இனி உண்ண இருப்போர் அதனாற் காப்பாற்றப்படுகின்றனர் என்பது உண்மையே. ஆயின், ஏற்கெனவே உண்டு நோயுற்றவரின் நிலை யாது? அவருக்கு அவ்வறிவித்தல் மருந்துமன்று, நட்டஈடுமன்று. மீளப்பெறுதலைப் பரிகாரமெனக் கொள்ளும் மயக்கமே பாவனையாளர் உரிமையின் முதற் பகையாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததை நோக்குக. பீனட் கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்னும் கம்பனியின் நிலக்கடலைப் பொருட்களிற் சல்மொனெல்லாக் கிருமி கலந்திருந்தது. 714 பேர் நோயுற்றமை பதிவாயிற்று. ஒன்பது மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கான உணவுவகைகள் மீளப்பெறப்பட்டன. பொய்யான ஆய்வுகூடச் சான்றிதழ்களுடன் பொருள் அனுப்பப்பட்டமை நீதிமன்றில் வெளிப்பட்டது. கம்பனித் தலைவர் ஸ்டுவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை கடியதே, எனினும் குற்றவாளி சிறை செல்வதால் நோயாளியின் மருத்துவச் செலவு தீர்வதில்லை. கம்பனியோ 2009 பெப்ரவரியிலேயே வங்குரோத்து நிலையை அடைந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் அதனிடமிருந்து பங்கிட எஞ்சியது, பெரும்பாலும், ஏறத்தாழ 12 மில்லியன் டொலர் காப்புறுதிப் பணமே.

இதனோடு இன்னொன்றை ஒப்பிடுக. 2013 ஓகஸ்டில் நியூசிலாந்தின் பொன்டெரா கம்பனி, தனது பாற்புரத மூலப்பொருளில் பொட்டுலிச நோய்க்கிருமி இருக்கலாமென அறிவித்தது. பல நாடுகளிற் பொருட்கள் மீளப்பெறப்பட்டன. பின்னர் அது பொட்டுலிசத்தை விளைவிக்காத வேறொரு கிருமியெனத் தெரியவந்தது. எவரும் நோயுறவில்லை. ஆயினும், அம்மூலப்பொருளை வாங்கிய டனோன் கம்பனியின் நட்டத்துக்காக 105 மில்லியன் யூரோ வழங்குமாறு 2017இல் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பாயம் பணித்தது. ஒப்பந்தமும் சட்டத்தரணிகளும் உடைய வணிகனுக்கு வழி திறந்திருக்கிறது. பாவனையாளனிடம் உள்ளதோ ஒரு பற்றுச்சீட்டு. அதுவும் பெரும்பாலும் குப்பையிற் சேர்ந்துவிடும்.

சட்டம் ஊமையன்று. ஸ்கொட்லாந்தில் எழுந்த டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், தன்னிடம் நேரே வாங்காத பாவனையாளர்பாலும் உற்பத்தியாளனுக்குக் கவனக் கடமை உண்டெனப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1932இல் தீர்த்தது. ஆனால் உற்பத்தியாளனின் கவலையீனத்தைப் பாவனையாளரே நிரூபிக்க வேண்டியிருந்தது. 1963இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும், 1985இல் ஐரோப்பியச் சமூகத்தின் பணிப்புரையும் அச்சுமையை நீக்கின. பொருள் குறைபாடுடையதாயின் கவலையீனம் காட்டாமலே கடப்பாடு எழும். அங்கும், அவ்வுணவே நோய்க்குக் காரணமெனக் காட்டுதல் வழக்காளியின் பொறுப்பு. சல்மொனெல்லா நோய் சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ தோன்றும். லிஸ்டீரியா நோய் தோன்ற வாரங்கள் பல ஆகலாம். அதற்குள் பொதியும் எஞ்சிய உணவும் எங்கே? மலப் பரிசோதனை செய்வித்தவர் எத்தனை பேர்?

இலங்கையின் நிலையோ இன்னும் பின்தங்கியது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும் நோக்கினது. நோயாளியின் நட்டத்தை ஈடுசெய்தல் அதன் நோக்கமன்று. தீங்குக்காக மாவட்ட நீதிமன்றம் செல்பவர் இரண்டாண்டுக்குள் வழக்கிட்டு, உரோமன் டச்சுச் சட்டப்படி கவலையீனத்தை நிரூபித்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், விசாரணையின்பின் நட்டஈடு வழங்கப் பணிக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அளித்தது. ஆனால் விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துள் எழுத்தில் முறைப்பாடு செய்தல் வேண்டும் என்றது. தகரத்திலடைத்த மீன் ஓராண்டு அலுமாரியில் இருக்கக்கூடியது என்பதைச் சட்டம் இயற்றியோர் அறியாரோ?

பாவனையாளருக்குச் சலுகை பெருகின் பொய் வழக்குகள் மலியும், நேர்மையான வணிகர் நலிவர் என்பர் சிலர். மீளப்பெறுதல் குற்ற ஒப்புதலாகாது என்பதற்கு 2013இன் நிகழ்ச்சியே சான்றன்றோ எனவும் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆதலாற்றான், மறுக்கவியலாத தீர்ப்பை எவரும் கோரவில்லை. நிரூபிக்கும் சுமை இடம் மாறுதலே கோரப்படுகின்றது. மீளப்பெறப்பட்ட உணவை உண்டமையும் அக்கிருமிக்குரிய நோயுற்றமையும் காட்டப்பட்டால், தன் பொருள் காரணமன்றென உற்பத்தியாளனே நிரூபிக்கட்டும். ஆய்வுகூடமும் தொகுதி இலக்கப் பதிவுகளும் அவன் கையிலன்றோ உள்ளன? நேர்மையாளனுக்கு அப்பதிவே அரண்.

இதனோடு மூன்று சீர்திருத்தங்கள் இன்றியமையாதன. முறைப்பாட்டுக் காலம் நோய் வெளிப்பட்ட நாளிலிருந்து கணிக்கப்படல் வேண்டும். உணவு உற்பத்தியாளர் போதிய காப்புறுதி பெறுதல் கட்டாயமாதல் வேண்டும். ஒருவர் தனித்துத் தாங்கவியலாத வழக்குச் செலவைப் பலர் சேர்ந்து தாங்கும் கூட்டு வழக்குக்கு வழி எளிதாதல் வேண்டும். அதுவரையில் பொதியையும் பற்றுச்சீட்டையும் பேணுதலும், உடன் மருத்துவப் பரிசோதனை செய்வித்தலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தலுமே நோயுற்றவர் கையிலுள்ள ஆயுதங்கள்.

பண்டத்தை மீளப்பெறுதல் எளிது. இழந்த உடல்நலத்தை மீளப்பெறுதலோ அரிது. முன்னதைச் செய்தவர் பின்னதற்கும் விலை கொடுக்கும் நாளிலேயே பாவனையாளர் பாதுகாப்பு என்னும் சொல் பொருளுடையதாகும்.